தவம் புரிந்த பூனை



செங்கற்பட்டிலிருந்து கிழக்கே புறப்பட்டு, திருக்கழுக்குன்றத்தைக் கடந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரத்தை அடைகிறோம். எங்கள் பகுதியில் பணிபுரிந்த ஆசிரியர் எவரும் அந்தச் சாலையை நன்கு அறிவர். ஆண்டுக்கு ஒரு முறையேனும் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவாக அங்கே அழைத்துச் செல்வது எங்களுக்கு ஒரு கடமை போலவே ஆகிவிட்டது. நானும் பல முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். கடற்கரைக் கோயிலையும், ஐந்து இரதங்களையும், குகைக் கோயில்களையும் காட்டியிருக்கிறேன். பல்லவ மன்னர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்பித்திருக்கிறேன். ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், பிள்ளைகள் தாமாகவே ஓடிச்சென்று சூழ்ந்து நிற்கும் சிற்பம் அரசனுடையதும் அன்று, ஆண்டவனுடையதும் அன்று. அது ஒரு பூனையின் சிற்பம்.

'அர்ச்சுனன் தவம்' என்று வழங்கும் பெரும் பாறைச் சிற்பத்தை நீங்கள் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உடைய பாறை அது. நடுவிலே இயற்கையாக அமைந்த ஒரு பிளவு உண்டு. அப்பிளவில் நாகர்கள் கைகூப்பியவண்ணம் மேலெழுகின்றனர். இருமருங்கிலும் தேவரும் கந்தருவரும் முனிவரும் வேடரும் விலங்கும் பறவையும் அந்தப் பிளவை நோக்கியே விரைகின்றனர். நாம் நின்று பார்க்கும்போது பிளவுக்கு இடப்பக்கத்தில் ஒரு தவசி ஒற்றைக்காலில் நின்று, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, விலா எலும்புகள் தெரியத் தவம் இயற்றுகிறான். அருகிலே சிவபெருமான் காட்சி தருகிறான். வலப்பக்கத்திலே மலை போன்ற யானைகள் நிற்கின்றன. அப்பெரிய யானையின் முன்புறத்திலே, சட்டென்று கண்ணில் படாத ஓரிடத்தில், ஒரு பூனை பின்னங்கால் ஊன்றி நிமிர்ந்து நின்று, முன்னங்கால்கள் இரண்டையும் தலைக்குமேல் தூக்கியவாறு தவம் புரிகிறது. அதனைச் சுற்றிலும் எலிகள் இருக்கின்றன.

ஒருமுறை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்தப் பூனையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு மேலே இருந்த தவசியைப் பார்த்தாள். "ஐயா, இரண்டு பேரும் ஒரே மாதிரிதானே கை தூக்கி நிற்கிறார்கள்? யார் உண்மை, யார் பொய் என்று எலிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். முறைப்படி ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். ஆயினும் அன்று என்னிடம் விடை இல்லை. "பெரியவளானால் உனக்கே தெரியும் அம்மா" என்று சொல்லி, அடுத்த மண்டபத்திற்கு நடந்துவிட்டேன். பெரியவர்களுக்கு அது தெரிந்துவிடுகிறதா என்பதைப் பற்றித்தான் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில் கதையைப் பார்ப்போம். அது மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. கங்கைக் கரையிலே ஒரு பூனை, உலகத் தொழில்களையெல்லாம் துறந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டு, கைகளை உயர்த்தி நின்றது. 'நான் அறம் செய்கிறேன்' என்பதே அதன் பேச்சு. நாள்கள் பல சென்றன. பறவைகள் முதலில் நம்பின. நம்பியதோடு நில்லாமல் புகழவும் தொடங்கின. பிறகு எலிகள் கூடி ஆலோசித்தன. "நமக்குப் பகைவர் பலர். இவரோ அறவோர். இவரையே நம் மாமனாகக் கொள்வோம். நம் முதியவரையும் குழந்தைகளையும் இவர் காப்பாற்றட்டும்" என்று முடிவு செய்து, பூனையின் அடியில் வந்து பணிந்தன.

பூனை உடனே இசைந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். "தவமும் வேண்டும், உங்களைக் காக்கவும் வேண்டும் என்றால் இரண்டும் ஒருங்கே நடப்பது அரிது. ஆயினும் உங்கள் நலத்தை நான் புறக்கணிக்கலாகாது. நீங்களும் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். நோன்பினால் என் உடல் தளர்ந்துவிட்டது, நடக்க இயலவில்லை. நாள்தோறும் என்னை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்" என்றது. எலிகள் மகிழ்ந்து ஒப்புக்கொண்டன. நாள்தோறும் அவையே பூனையைச் சுமந்து சென்றன. நாள்தோறும் பூனை சில எலிகளைத் தின்றது. பூனையின் மேனி பொலிந்தது. எலிகளின் கூட்டம் சுருங்கியது.

ஐயம் எழுந்தது. டிண்டிகன் என்னும் அறிவுள்ள எலி, "நீங்கள் எல்லாரும் முன்னே செல்லுங்கள், நான் மாமனுடன் பின்னால் வருகிறேன்" என்றது. உண்மையைக் கண்டறிய அது தன்னையே பணயம் வைத்தது. ஆனால் அது திரும்பி வரவில்லை. இறுதியில் ஒரு முதிய எலி மற்ற எலிகளைக் கூட்டி மூன்று செய்திகளைச் சொன்னது. காயும் கிழங்கும் உண்பவரின் எச்சத்தில் மயிர் இராது; இவருடைய எச்சத்தில் மயிர் இருக்கிறது. இவர் பருக்கிறார், நாம் குறைகிறோம். டிண்டிகனைக் கண்டு ஏழெட்டு நாள்கள் ஆகின்றன. அவ்வளவுதான். எலிகள் நாற்புறமும் ஓடிப் பிழைத்தன. பூனை வந்த வழியே திரும்பிச் சென்றது. அதற்குத் தண்டனை ஒன்றும் நேர்ந்ததாகக் கதை சொல்லவில்லை.

இது கொடிய கதையன்றோ! நானும் அப்படித்தான் எண்ணினேன். இளம் ஆசிரியனாக இருந்தபோது, பிஞ்சு உள்ளங்கள் அஞ்சுமே என்று கருதி, பூனை எலிகளைத் தின்ற பகுதியை விட்டுவிடுவேன். பூனை ஓர் எலியைப் பிடிக்கப் போகும் தருணத்தில் எல்லா எலிகளும் ஓடிவிட்டதாக முடிப்பேன். இப்படிச் செய்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன். பிரான்சு நாட்டில் சார்லசு பெரோ என்பவர் 1697இல் வெளியிட்ட நூலில், சிவப்புக் குல்லாய் அணிந்த சிறுமியை ஓநாய் விழுங்குவதோடு கதை முடிந்துவிடுகிறது. அவளை மீட்க எவரும் வரவில்லை. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் அதே கதையை வெளியிட்டபோது ஒரு வேடன் வருகிறான். ஓநாயின் வயிற்றைக் கிழித்துச் சிறுமியை உயிரோடு மீட்கிறான். இன்று உலகமெங்கும் குழந்தைகள் கேட்பது வேடன் வரும் கதையைத்தான். அதிலே ஆறுதல் இருக்கிறது. ஆனால் எச்சரிக்கை சற்றே மங்கிவிடுகிறது. நான் கதையின் வாலை வெட்டியபோது, டிண்டிகனையும் முதிய எலியையும் சேர்த்தே வெட்டிவிட்டேன். கதையின் அறிவெல்லாம் அந்த இரண்டு எலிகளிடம் இருந்தது என்பதை அப்போது நான் உணரவில்லை.

இக்கதை எவ்வளவு பழமையானது, எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். பாலி மொழியிலுள்ள புத்த சாதகக் கதைகளில் 128ஆவது கதையின் பெயர் பூனைச் சாதகம். பெயர் பூனையுடையதாயினும் அங்கே தவசியாக நடிப்பது நரி. ஒற்றைக்காலில் நிற்பது ஏன் என்று எலிகள் கேட்கின்றன. நான்கு கால்களையும் ஊன்றினால் பூமி தாங்காது என்கிறது நரி. வாயைத் திறந்திருப்பது ஏன் என்று கேட்டால், காற்றையே உண்டு வாழ்கிறேன் என்கிறது. பஞ்சதந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலோ, ஒரு வளைக்காக வழக்கிட்ட முயலும் கவுதாரியும் நடுவர் தேடிப் போய், ததிகர்ணன் என்னும் 'தவசி'ப் பூனையிடம் அகப்படுகின்றன. முதுமையால் காது கேட்கவில்லை, அருகில் வந்து சொல்லுங்கள் என்கிறது பூனை. அருகில் வந்ததும் இரண்டையும் பற்றிக்கொள்கிறது.

இந்தப் பஞ்சதந்திரம் கி.பி. 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துப் பகலவி மொழிக்குச் சென்றது. 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா அதனை அரபியில் 'கலீலா வ திம்னா' என்னும் நூலாக்கினார். அவ்வழியே ஐரோப்பாவை அடைந்து, 1678இல் லா ஃபோன்டேன் என்னும் பிரெஞ்சுக் கவிஞரின் கதைப்பாடல்களிலும் அந்த நடுவர் பூனை இடம்பெற்றது. அங்கே கவுதாரிக்குப் பதிலாக மரநாய் வழக்காடுகிறது. பூனை மட்டும் மாறவில்லை! தமிழ் உரைநடையில் தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்து வெளியிட்டார். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நம் மக்களுக்கு நூல் தேவைப்படவில்லை. 'உருத்திராட்சப் பூனை' என்று இரண்டே சொற்களில் கதை முழுவதையும் அவர்கள் அடக்கிவிட்டார்கள். செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகளின் நாடு. ஏரிக்கரையிலும் வயலிலும் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கை இங்குள்ள குழந்தை நடக்கத் தொடங்கிய நாள்முதல் பார்க்கிறது. அந்தக் கொக்கின் நிலை எதற்காக என்று மீனுக்குத் தெரியும். மனுநீதி நூலும் போலித் தவத்தினரைப் பூனை நோன்பினர் என்றும் கொக்கு நோன்பினர் என்றும் இரண்டு பெயராலேயே குறிக்கிறது. திருவள்ளுவரோ 'கூடாவொழுக்கம்' என்று ஓர் அதிகாரத்தையே வகுத்தார். புலித்தோல் போர்த்து மேயும் பசுவையும், புதரில் மறைந்து புள்ளைப் பிடிக்கும் வேடனையும் அங்கே நாம் காண்கிறோம்.

இனி, இக்கதை பல்லவர் காலத்துப் பாறைக்கு வந்தது எங்ஙனம்? அப்பாறையின் பொருளைப் பற்றியே அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உண்டு. பாசுபதம் வேண்டி அர்ச்சுனன் செய்த தவம் என்பது ஒன்று. கங்கையைப் புவிக்குக் கொணரப் பகீரதன் செய்த தவம் என்பது மற்றொன்று. பாறையின் பிளவு, அதிலுள்ள நாகர்கள், மேலே நீர் தேக்குவதற்கு இருந்த அமைப்பு ஆகியவற்றைச் சான்றாகக் காட்டி, இக்கருத்தை 1914இல் விக்டர் கொலுபேவ் என்னும் அறிஞர் வலியுறுத்தினார். செய்வித்த மன்னர் யார் என்பதிலும் வேறுபாடு உண்டு. ஏறத்தாழ 630 முதல் 668 வரை ஆண்ட மாமல்லன் நரசிம்மவர்மன் காலத்தது என்பது பலர் கொள்ளும் கருத்து. மாமல்லபுரத்துக் கலைச்செல்வம் முழுவதும் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இராசசிம்மனுடையதே என்று 1962இல் நாகசாமி எழுதினார். இந்த வழக்குகள் எப்படி முடிந்தாலும் பூனை தன் இடத்தைவிட்டு நகர்வதில்லை. மேலே உள்ளவன் அர்ச்சுனனாக இருப்பினும் பகீரதனாக இருப்பினும், அவனுடைய மெய்த்தவத்துக்குக் கீழே ஒரு பொய்த்தவம் அதே நிலையில் நிற்கிறது.

பல்லவர் குடும்பத்தில் இது புதிதும் அன்று. மாமல்லனின் தந்தை முதலாம் மகேந்திரவர்மன், ஏறத்தாழ 600 முதல் 630 வரை ஆண்டவன், 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். மாமண்டூர்க் குகைக் கல்வெட்டிலும் அந்நாடகத்தின் பெயர் காணப்படுகிறது. 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாத்திரியார் அதனை அச்சிட்டார். கதை நடைபெறும் இடம் காஞ்சி மாநகரம். கள்ளுண்டு தள்ளாடும் காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, ஒரு புத்த பிக்குவைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். அந்தப் பிக்குவோ, மதுவையும் மங்கையரையும் புத்தர் தடுத்திருக்கமாட்டார், யாரோ முதியவர்கள் பொறாமையால் அந்தப் பக்கங்களை மறைத்துவிட்டார்கள் என்று எண்ணுகிறவன். வழக்கைத் தீர்க்க வருகிறான் ஒரு பாசுபதன். அவனும் தூயவன் அல்லன். கடைசியில் கபாலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்று தெரிகிறது. அதைக் கொண்டு வந்து சேர்ப்பவன் ஒரு பித்தன்! சமயங்களை ஆதரித்த அரசனே சமயவேடங்களைக் கண்டு சிரித்தான். பக்தியும் பரிகாசமும் அந்த அரண்மனையில் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தன. கோயிலைக் குடைந்த கைகள் பூனையையும் செதுக்கியதில் வியப்பில்லை.

இதுவரை சொன்னதைக் கொண்டு, 'பொய்த்தவசியை நம்பாதே' என்பதே கதையின் நீதி என்று நீங்கள் முடிவு கட்டிவிடலாம். பாடப்புத்தகத்தின் கடைசி வரியில் அப்படித்தான் இருக்கும். ஆனால் பாரதத்தில் இக்கதையைச் சொல்பவன் யார் என்று பாருங்கள். துரியோதனன்! போர் மூளும் நேரம். பாண்டவரிடம் தூது அனுப்புகிறான். அதில் தருமனைப் பார்த்து, 'நீ அறம் பேசும் பூனை. உன் வேடம் எனக்குத் தெரியும்' என்று ஏசுவதற்காகவே இந்தக் கதையைச் சொல்லி அனுப்புகிறான். நாரதர் தன் தந்தைக்குச் சொன்ன கதை என்று சான்றும் காட்டுகிறான். அத்தூதைக் கொண்டு செல்பவன் உலூகன். அவன் சகுனியின் மகன். சகுனி யார்? துரியோதனனுக்கு மாமன். மாமன் என்று உறவு கொண்டாடி எலிகளைக் கெடுத்த பூனையின் கதையை, ஒரு குலத்தையே கெடுத்த மாமனின் மகன் எடுத்துச் செல்கிறான்!

பொய்யைக் கண்டுபிடிக்கப் பிறந்த கதையே பொய்யன் கையில் ஆயுதமாகிறது. நேர்மையாக வாழ்பவரைப் பார்த்து 'எல்லாம் வேடம்' என்று சொல்வதற்குப் பெரிய முயற்சி தேவையில்லை. 'உலகத்தில் எல்லாரும் பூனைதான்' என்று ஒருவன் ஓயாமல் சொன்னால், தன் நகத்தை மறைக்கத்தான் அப்படிச் சொல்கிறானோ என்று நாம் ஐயுற வேண்டும். எல்லாரையும் நம்புகிறவன் எலியாகிறான். எவரையும் நம்பாதவன் துரியோதனனாகிறான். இரண்டிற்கும் இடையே வழி உண்டா? மாணவி கேட்ட கேள்வி இதுதான்.

அந்த வினாவுக்கு எனக்கு விடை கிடைத்த கதை எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் உங்களிடம் மறைப்பது முறையாகாது. எங்கள் வட்டாரத்தில் ஒருவர் இருந்தார். நெற்றி நிறைய நீறு. நாவிலே எப்போதும் நல்ல வார்த்தை. அவர் ஒரு சீட்டு நடத்தினார். ஆசிரியர் பலர் சேர்ந்தனர், நானும் சேர்ந்தேன். எங்கள் பள்ளியில் துப்புரவுப் பணி செய்துவந்த அம்மையார் ஒருவர், கணவரை இழந்தவர், மகளின் திருமணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தார். அதில் சேரலாமா என்று என்னை வந்து கேட்டார். தாராளமாகச் சேரலாம் என்றேன். சற்றுத் தயங்கி நின்றுவிட்டு, "கணக்கு நோட்டை யாராச்சும் பாத்திருக்கீங்களா ஐயா?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குச் சினத்தை மூட்டியது. "அம்மா, அவரைப் போன்ற பெரியவரிடம் கணக்குக் கேட்பதே பாவம்" என்று சொன்னேன். அவர் தலைகுனிந்து போய்விட்டார். என் சொல்லை நம்பிப் பணம் கட்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நாள் காலையில் அந்தப் பெரியவர் வீட்டில் பூட்டுத் தொங்கியது.

அடுத்த திங்கட்கிழமை அம்மையார் வழக்கம்போல் வந்து பள்ளி முற்றத்தைக் கூட்டினார். வழக்கம்போல் எனக்கு வணக்கம் சொன்னார். ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. என்னால் இயன்ற அளவு பணத்தைச் சில ஆண்டுகளில் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். அது பெரிய செயல் அன்று. கடனைத் தீர்த்தல் மட்டுமே. திருப்பிக் கொடுக்க முடியாதது ஒன்று உண்டு. அதன்பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. படிப்பறியாத அவர், படித்தவர்கள் அத்தனை பேரும் கேட்கத் தவறிய ஒரே சரியான கேள்வியைக் கேட்டார். படித்த நான் அதை அடக்கினேன். அப்போதுதான், பிள்ளைகளுக்குச் சொல்லாமல் நான் வெட்டிவிட்ட கதையின் வால் எனக்கு நினைவுக்கு வந்தது. கதையில் என் இடம் எது என்பதும் விளங்கியது. நான் பூனை அல்லேன். ஆனால் பூனையை ஆற்றங்கரைக்குச் சுமந்து சென்ற எலிகளில் ஒருவன். அந்த அம்மையாரோ டிண்டிகனைப் போல் தனித்து நின்றார்.

டிண்டிகனின் குறை என்ன? அறிவில் குறைவில்லை; துணிவில் குறைவில்லை. அது தனியாகப் போயிற்று. மற்றவர்கள் பாராட்டினார்களே தவிர, உடன் நிற்கவில்லை. தனியாகக் கேட்ட கேள்வியைப் பூனை எளிதில் விழுங்கிவிடும். முதிய எலியோ தான் கண்டதை அனைவர் முன்னும் வைத்தது. கூடிக் கேட்ட கேள்வியின்முன் பூனையால் நிற்க முடியவில்லை.

முதிய எலி சொன்ன மூன்று செய்திகளையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். அதில் ஒன்றேனும் பூனையின் வேடத்தைப் பற்றியது அன்று. பூனை மனத்தில் என்ன நினைக்கிறது என்று ஊகித்ததும் அன்று. ஒருவன் சொல்வதும் அவன் விட்டுச்செல்லும் தடயமும் ஒத்திருக்கின்றனவா? அவனால் வளர்வது யார், தேய்வது யார்? கேள்வி கேட்டவர்கள் இப்போது எங்கே? இந்த மூன்றுமே கண்ணால் கண்டு, எண்ணி அறியத்தக்கவை. வெறுப்பு வேண்டியதில்லை, ஏச்சும் வேண்டியதில்லை.

இந்த அளவுகோலைத் துரியோதனனின் ஏச்சுக்கும் வைத்துப் பார்க்கலாம். தருமன் பன்னிரண்டு ஆண்டுகள் காட்டிலும் ஓராண்டு மறைந்தும் வாழ்ந்தான். தான் ஒப்புக்கொண்ட சொல்லின்படி நடந்து காட்டினான். நாடு திரும்பக் கிடையாவிட்டால் ஐந்து ஊர்களேனும் போதும் என்றான். அவன் தவத்தால் பிறர் தேய்ந்ததில்லை. துரியோதனனின் அவையிலோ அறம் எடுத்துரைத்த விதுரனின் சொல் ஏறவில்லை. எண்ணிப் பார்த்தால் கதை சொன்னவன் பக்கமே கணக்கு உதைக்கிறது. முதிய எலியின் முறை பொய்யனை வெளிப்படுத்துவதோடு, பழிக்கப்பட்ட நல்லவனைக் காக்கவும் செய்கிறது. கணக்குக் கேட்பது ஒருவரை அவமதிப்பது என்று நான் நினைத்தேன். அது தவறு. நேர்மையானவருக்குக் கணக்கே கவசம். அதனால்தான் நம் முன்னோர் ஊர்ப் பொதுச்சொத்தின் வரவையும் செலவையும் கல்லில் வெட்டி, யாவரும் காணக் கோயிற்சுவரில் வைத்தார்கள் என்று நான் எண்ணுகிறேன்.

மாணவ நண்பர்களே, வரலாற்றைப் படிப்பதனால் என்ன பயன் என்று என்னிடம் கேட்டவர் பலர். மாமல்லபுரத்துப் பாறை ஒரு கணத்தை மட்டுமே காட்டுகிறது. அந்தக் கணத்தில் தவசியும் பூனையும் ஒரே மாதிரியாகத்தான் கை உயர்த்தி நிற்கிறார்கள். அந்தச் சிறுமி கண்டது சரியே. ஒரு கணத்தைப் பார்த்து எவராலும் மெய்யையும் பொய்யையும் பிரிக்க இயலாது. பல நாள்களைச் சேர்த்துப் பார்த்தால் பிரிக்கலாம். முதிய எலி செய்தது அதுவே. நேற்று எத்தனை பேர் இருந்தோம், இன்று எத்தனை பேர் இருக்கிறோம் என்று நினைவில் வைத்திருந்தது. அதற்குத்தான் வரலாறு என்று பெயர்.

1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மாமல்லபுரத்துக்கு நாள்தோறும் பல நாட்டவர் வருகிறார்கள். நீங்களும் செல்லுங்கள். பெரிய யானையின் முன்னே நின்று அந்தச் சிறிய பூனையைத் தேடிப் பாருங்கள். சிரியுங்கள், சிரிக்க வேண்டிய சிற்பம்தான். சிரித்து முடித்தபின் எலிகளையும் ஒருமுறை பாருங்கள். உங்கள் தம்பி தங்கையருக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது, அதன் வாலை வெட்டாமல் சொல்லுங்கள். அவர்கள் சிறிது அஞ்சினாலும் குற்றமில்லை. நாளை உங்கள் வீட்டிலோ ஊரிலோ எளியவர் ஒருவர் தயங்கி நின்று, "கணக்கை யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டால், நான் சொன்னதைச் சொல்லாதீர்கள். அவர் அருகில் போய் நின்று, அதே கேள்வியை நீங்களும் கேளுங்கள்.